நாங்கள் கேட்காத பக்கங்கள்

ஜனவரி 28, புதன்

இந்த நோட்டை எடுத்தவர் யாராக இருந்தாலும் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இங்கேயே மூடி வைத்துவிடுங்கள். படித்தே ஆக வேண்டும் என்றால் படித்துவிட்டு எடுத்த இடத்திலேயே வையுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டாதீர்கள். அப்பாவிடம் கண்டிப்பாகக் காட்டாதீர்கள். அட்டையில் 'இயற்பியல் செய்முறை' என்று லேபிள் ஒட்டியிருக்கிறேன். அதனால் வீட்டில் யாரும் திறக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஹெப்சிபா. பிளஸ் டூ. அம்மா ஜெபசீலி என் பள்ளியிலேயே கம்ப்யூட்டர் டீச்சர். பதினோரு வருஷமாகப் பகுதிநேரம்தான். வீட்டில் அம்மா, பள்ளியில் மிஸ். அப்பா பஸ் கண்டக்டர். ஒரு நாள் டூட்டி, ஒரு நாள் வீடு. துணி மடித்து வைக்கிற சின்ன அறைதான் நான் படிக்கிற அறை. அதற்குத் தாழ்ப்பாள் உண்டு. அம்மா தட்டினால் நகத்தால் இரண்டு தடவை, டொக் டொக். அப்பா தட்டினால் உள்ளங்கையால். கதவு முழுக்க அதிரும்.

விஷயம் இதுதான். அம்மாவின் லேப்டாப்புக்கு ஏதோ ஆகிவிட்டது. எதைத் தேடினாலும் முதலில் பெயர் தெரியாத ஒரு வெள்ளைப் பக்கம் வருகிறது. அங்கிருந்து இன்னொரு பக்கம். அங்கிருந்து ரம்மி. திங்கட்கிழமையிலிருந்து இப்படி.

திங்கட்கிழமை குடியரசு தினம், லீவு. காலையில் கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தோம். சாயங்காலம் அப்பா டூட்டியில். அம்மா ஆறு மணிக்குச் சர்ச் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டு எட்டரைக்குத்தான் வந்தாள். நான் நோட்ஸ் தேடினேன். அவ்வளவுதான். நான் ஒன்றும் செய்யவில்லை.

ஜனவரி 29, வியாழன்

அம்மா சிரித்தாள். "ஏட்டி ஹெப்சி, இங்க வா. வருகைப் பதிவுக்குப் போன்னா சீட்டாட்டத்துக்குப் போவுது. உங்க அப்பா டிப்போவுல இத விட்டா நல்லா சம்பாதிக்கும்." பிறகு, சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "நீ எதாவது எறக்குனியா?"

"இல்லம்மா."

"சரி. சனிக்கிழம உக்காந்து பாக்குதேன்."

ஜனவரி 31, சனி

அம்மா மத்தியானம் முழுக்க அதோடு மல்லுக்கு நின்றாள். பிரவுசரில் யாரும் சேர்க்காத ஒரு எக்ஸ்டென்ஷன், ஒரு குட்டி நிரல், உட்கார்ந்திருந்தது. நீல நிறத்தில் ஒரு காகிதப் படம். நீக்கினாள். மூடித் திறந்தால் அது மறுபடி அங்கேயே இருந்தது. மூன்றாம் தடவை நீக்கு என்ற பொத்தானே சாம்பல் நிறமாகிவிட்டது. 'உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது' என்று ஒரு வரி வந்தது.

"எந்த நிறுவனம்டே அது?" என்று அம்மா திரையைப் பார்த்துக் கேட்டாள்.

எங்கள் வீட்டில் எந்த நிறுவனமும் இல்லை. அம்மா, அப்பா, நான்.

அம்மாவுக்கு மார்க் ஏற்றுகிற வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. கல்வித் துறையின் இணையதளம் பகலில் நகரவே நகராது. அதனால் அதிகாலை நாலரைக்கு எழுந்து எல்லா டீச்சர்களுக்கும் சேர்த்து அம்மாதான் ஏற்றுவாள். முழுசாக அழித்துப் புதிதாகப் போட நேரமில்லை என்று மூடி வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் மன்னியுங்கள்.

இந்த மாத வீட்டு ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டில். அதற்காக அப்பா டூட்டியை மாற்றிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு பேர். யாருக்கும் பாட்டுப் புத்தகம் கொண்டுவரும் பழக்கம் போய்விட்டது. லேப்டாப்பை டிவியில் மாட்டிப் பாட்டு வரிகளைப் பெரிதாகக் காட்டுவோம். எங்கள் வீட்டில் எப்போதும் அந்த வேலை எனக்கு. இரண்டாவது பாட்டின் முதல் வரியை அடித்துத் தேடினேன். வெள்ளைப் பக்கம் வந்தது. எல்லாரும் எழுந்து நின்று, பாடுவதற்கு மூச்சை இழுத்துக்கொண்டு நின்றார்கள்.

நாற்பத்திரண்டு இஞ்சில் ஒரு பெண் வந்தாள். எப்படி இருந்தாள் என்று எழுத மாட்டேன். 'மூன்று கிலோமீட்டர் தொலைவில் உனக்காகக் காத்திருக்கிறாள்' என்று தமிழிலேயே எழுதியிருந்தது.

யாரும் பாடவில்லை. ஒரு சின்னப் பையன் மட்டும், "அம்மா, அந்த அக்கா யாரு?" என்றான். அப்பா ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். பாட்டை மனப்பாடமாகப் பாடினோம். பாதிக்கு மேல் யாருக்கும் வரிகள் தெரியவில்லை.

காப்பி கொடுக்கும்போது மாதர் சங்கத்து எமிமா ஆன்ட்டி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "கம்ப்யூட்டர் டீச்சர் வீட்டுலயே இப்பிடின்னா நாங்கல்லாம் எங்க போவோம், ஜெபா?" என்றாள். பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

எல்லாரும் போனபிறகு அப்பா கேட்டார்: "யாரு பாத்தது?"

"யாரும் பாக்கலங்க. வைரஸ். அது தானா இழுத்துட்டுப் போவுது."

"தானா போவுமா? இருவது வருசமா பஸ்ஸுல நிக்கேன். டிரைவர் ஸ்டியரிங்கத் திருப்பாம பஸ்ஸு தானா ஒரு ஊருக்குப் போயி நான் பாத்ததில்ல."

பிப்ரவரி 2, திங்கள்

அப்பாவுக்கு இன்று ஓய்வு. அம்மா பள்ளியில் நின்றுவிட்டாள். நான் சீருடை மாற்றுவதற்குள் அப்பா லேப்டாப்பை என் முன்னால் வைத்தார்.

"பாத்த பக்கம்லாம் ஒரு எடத்துல இருக்குமாமே. செல்வின் சொன்னான். அத எடு."

செல்வின் அண்ணன் பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நான் ஹிஸ்டரியை எடுத்தேன். முதலில் போன திங்கட்கிழமைக்குப் போய் ஒரு வரியை மட்டும் அழித்தேன். அப்பா அப்போது கண்ணாடி எடுக்க உள்ளே போயிருந்தார். பிறகு காட்டினேன்.

வரிசையாக இருந்தன. அந்த மாதிரிப் பக்கங்கள். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் மணி. 4.36. 4.41. 4.52.

அப்பா விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். அந்த மணிக்கு அம்மா மார்க் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை தளத்தைத் தேடும்போதும் அது அங்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இது எனக்குத் தெரியும். இரண்டு வரியில் விளக்கியிருக்கலாம்.

"போ, படி," என்றார் அப்பா. போனேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

அப்பா டூட்டிக்குப் போகும்போது அம்மா கொடுத்த சோற்றுத் தூக்கை எடுக்கவில்லை.

பிப்ரவரி 4, புதன்

இரண்டாம் திருப்புதல் தேர்வு. இன்று இயற்பியல்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிடம் கூடப் பொய் சொல்ல வேண்டுமா?

முதல் திருப்புதலில் எழுபதுக்கு முப்பத்தொன்று எடுத்தேன். "இந்த லட்சணத்துக்கு பாளையங்கோட்டைல காலேஜ் ஹாஸ்டல் ஒரு கேடா?" என்று அப்பா மார்க் ஷீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு என் வகுப்பு முத்துச்செல்வி பள்ளிக்கூட பஸ்ஸில் ஒரு தளத்தின் பெயரைச் சொன்னாள். திருப்புதல் வினாத்தாள் ஒரு வாரம் முந்தியே அங்கே வந்துவிடுமாம். அவள் போனில் இடமில்லை, அதனால் என்னை இறக்கச் சொன்னாள்.

குடியரசு தினத்தன்று சாயங்காலம் அம்மா சர்ச்சுக்குப் போனதும் திறந்தேன். ஒரே பக்கத்தில் ஏழு பச்சைப் பொத்தான்கள். ஏழிலும் டவுன்லோட் என்றிருந்தது. எது உண்மை என்று தெரியாமல் ஒவ்வொன்றாக அழுத்தினேன். நான்காவது பொத்தான், 'வினாத்தாளைத் திறக்க இதைச் சேர்க்கவும்' என்று ஒரு நீலக் காகிதப் படத்தைக் காட்டியது. சேர்த்தேன். அனுமதி கேட்டது. கொடுத்தேன். மறுபடி கேட்டது. மறுபடியும் கொடுத்தேன்.

கேள்வித்தாளைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டேன். முத்துச்செல்விக்குக் கொடுக்கவில்லை. கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அது பொய்த்தாளாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். இன்று தேர்வறையில் தாளைப் புரட்டினேன். அதே தாள். அதே வரிசை. காஸ் விதி, வீட்ஸ்டோன் சமனச்சுற்று, மின்மாற்றி, ஒளிமின் விளைவு. ஒரு எழுத்து மாறவில்லை.

எல்லாம் எழுதினேன். கூடுதல் தாள் இரண்டு வாங்கினேன்.

பிப்ரவரி 5, வியாழன்

காலை வழிபாட்டில் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தார்: "கொஸ்டின் பேப்பர் வெளிய போயிருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. நம்ம பிள்ளைங்க யாராவது பாத்ததுன்னு தெரிஞ்சா, பப்ளிக்குக்கு ஹால் டிக்கெட் தர மாட்டேன். யாரு மகளா இருந்தாலும் சரி."

அம்மா டீச்சர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், லேப்டாப்பில் இன்னும் கிடந்த வினாத்தாள் கோப்பை அழிக்க வேண்டும் என்று நினைத்தேன். லேப்டாப் அம்மா மடியிலேயே இருந்தது. தூங்கப் போகும்வரை இருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு. நாற்பத்துமூன்று பேர். அம்மா ஸ்மார்ட் போர்டில் பாடம் எடுக்கப் போயிருக்கிறாள். லேப்டாப்பைக் கொண்டுபோகவில்லை. கவனமாகத்தான் இருந்திருக்கிறாள். பாடத்தின் படங்கள் அவள் பிரவுசர் கணக்கில் இருந்ததால், போர்டில் தன் கணக்கை மட்டும் திறந்தாள். அந்தக் கணக்கோடு நீலக் காகிதமும் போர்டுக்குள் வந்துவிட்டது. அப்படி வரும் என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

அந்த மாதிரிப் பக்கம், சுவர் அளவுக்கு.

பிள்ளைகள் முதலில் கத்தினார்களாம். பிறகு சிரித்தார்களாம். அம்மா தன் சேலை முந்தானையை விரித்துப் போர்டை மறைத்துக்கொண்டு நின்றாளாம். சுவிட்ச் எங்கே என்று அவளுக்கு மறந்துபோய்விட்டதாம். இடைவேளையில் எங்கள் வகுப்பில் ஒருத்தி முந்தானையை விரித்து அதை நடித்துக் காட்டினாள். நான் இருந்ததைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

பிப்ரவரி 9, திங்கள்

மூன்றாவது பீரியடில் பியூன் வந்து, வீட்டுக்குப் போய் லேப்டாப்பை எடுத்து வா என்றார். எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அம்மா நின்றுகொண்டிருந்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். செல்வின் அண்ணனை வரவழைத்திருந்தார்கள்.

என்னைப் போகச் சொல்லவில்லை. பீரோவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

செல்வின் அண்ணன் பத்து நிமிஷம் தட்டினார். "மேடம், போர்டுல தப்பு இல்ல. டீச்சரோட கணக்குலருந்துதான் வந்திருக்கு. அது இந்த லேப்டாப்புல வந்து உக்காந்தது..." திரையை உற்றுப் பார்த்தார். "ஜனவரி இருபத்தாறு. சாயங்காலம் ஆறு அம்பது."

"கொடி ஏத்துன அன்னிக்கா?" என்றார் ஒரு அம்மா. "நல்ல நாளுதான் பாத்திருக்காங்க."

தலைமையாசிரியை கேட்டார்: "அன்னிக்கு யாரு டீச்சர் லேப்டாப்ப யூஸ் பண்ணுனது?"

அம்மா செல்வின் அண்ணனைப் பார்த்து, "எத்தன மணின்னீங்க?" என்றாள்.

"ஆறு அம்பது டீச்சர்."

அம்மா மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தாள். "நான்தான்," என்றாள்.

அம்மாவுக்கு நாள் குழம்பியிருக்க வேண்டும்.

"இறக்குன ஃபைலு எதுவும் இல்ல மேடம்," என்றார் செல்வின் அண்ணன். "வியாழக்கிழமை ராத்திரி மொத்தமா அழிச்சிருக்காங்க. ஹிஸ்டரியும் போச்சு."

"எதுக்கு அழிச்சீங்க?"

"நான்தான் அழிச்சேன் மேடம்."

"அத கேக்கல. எதுக்குன்னு கேக்கேன்."

அந்த இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமையாசிரியை ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். அம்மா நின்றபடியே விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கோப்பு போய்விட்டது. இனி ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அந்த அறையில், அம்மா எழுதிக்கொண்டிருந்தபோது, ஆண்டவரே ஸ்தோத்திரம் என்று மனசுக்குள் சொன்னேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அம்மாவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிப்ரவரி 11, புதன்

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அம்மா காலையில் சேலை மாற்றவில்லை. நைட்டியோடு நின்று எனக்கு ஜடை போட்டாள். வழக்கத்தைவிட இறுக்கமாக.

அப்பா என்னிடம் மட்டும் பேசுகிறார். அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதையும் என்னிடமே சொல்கிறார். "மாமாவ சனிக்கிழம காலைல வரச் சொல்லிருக்கேன். கொஞ்ச நாளு உங்க அம்மா நாசரேத்துல மாமா வீட்டுல இருக்கட்டும்."

"எத்தன நாளுப்பா?"

"டிப்போவுல கூட கேக்கானுவ. 'என்ன அண்ணாச்சி, வீட்டுல நல்ல படம்லாம் ஓடுதாமே'ங்கான். டிக்கெட் கிழிக்கும்போது யாரு மொகத்தையும் பாக்க முடியல."

அப்பா அழுகிறாரோ என்று நினைத்தேன். முகத்தைக் கழுவப் போய்விட்டார்.

சாயங்காலம் அம்மா என்னை உட்காரவைத்து இயற்பியல் கேட்டாள். அம்மா பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தாள். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே வாயாலேயே கேட்டாள். காஸ் விதி. சொன்னேன். "ஏன் அப்பிடி?" என்றாள். தெரியவில்லை. வீட்ஸ்டோன். சொன்னேன். "ஏன்?" தெரியவில்லை. மின்மாற்றி. "நேர்மின்னோட்டத்துல ஏன்ட்டி அது வேல செய்யாது?" தெரியவில்லை.

ஒவ்வொன்றையும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு விளக்கினாள். ஒளிமின் விளைவுக்கு வரும்போது குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

விடைத்தாள் கொடுத்தார்கள். எழுபதுக்கு அறுபத்தாறு. இயற்பியல் டீச்சர் என் தாளை வகுப்புக்குத் தூக்கிக் காட்டினார். "வீட்டுல ஆயிரம் பிரச்சன இருந்தாலும் ஒரு பிள்ள எப்பிடிப் படிக்கிது பாருங்க. அம்மாவ மாதிரி இல்ல."

எல்லாரும் கை தட்டினார்கள். முத்துச்செல்வி தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளை அம்மாவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள். மார்க்கைப் பார்க்கவில்லை. கேள்வி எண்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "சரி, வையி," என்றாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

நாளைக் காலை பஸ்ஸில் மாமா வருகிறார்.

அம்மா இன்று லேப்டாப்பை முழுதாக அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டாள். இப்போதுதான் அவளுக்கு நேரம் இருக்கிறது. என்னைக் கூப்பிட்டு, "ஏதாவது தேடு," என்றாள். மின்மாற்றி என்று தேடினேன். மின்மாற்றிக்கே போனது. வெள்ளைப் பக்கம் இல்லை. நீலக் காகிதம் இல்லை.

"பாத்தியா, நல்லா இருக்கு. நீ வச்சிக்கோ. அங்க எனக்கு எதுக்கு இது?"

பெட்டியில் இரண்டு சேலைதான் வைத்திருந்தாள். அவை பள்ளிக்குக் கட்டுகிற சேலைகள் இல்லை. பள்ளிச் சேலைகளை மடித்து என் அறை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். வைத்துவிட்டுக் கதவருகே நின்று, முதுகைக் காட்டியபடியே சொன்னாள்:

"கேள்விய கையால எழுதி வச்சிருந்தா அதக் கிழிச்சி அடுப்புல போட்டுரு. இன்னும் பதினெட்டு நாளுதான் பரீட்சைக்கி."

நான் வாயைத் திறந்தேன். அவள் திரும்பவில்லை. "எனக்கு வயசாயிட்டு பிள்ள. நான் டீச்சரா இருந்தா என்ன, இல்லாட்டா என்ன?"

அம்மாவுக்கு வயது நாற்பத்தொன்று.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. ஆறு ஐம்பதுக்கு அம்மா சர்ச்சில் இருந்தாள். மாதர் சங்கத்துப் பெண்கள் முப்பது பேர் சாட்சி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அடுத்த கேள்வி, வீட்டில் யார் இருந்தது என்பதுதான். வியாழக்கிழமை மைக்கில் கேட்டபிறகுதான் அவள் லேப்டாப்புக்குள் தேடிப் பார்த்திருக்கிறாள். தாளை முழுக்கப் படித்திருக்கிறாள். இல்லையென்றால் புதன்கிழமை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு அதே வரிசையில் எப்படிக் கேட்டாள்? காஸ் விதி, வீட்ஸ்டோன், மின்மாற்றி, ஒளிமின் விளைவு.

நான் அடுப்பில் போடவில்லை. கையால் எழுதிய அந்தத் தாள் இந்த நோட்டின் பின் அட்டைக்குள் இருக்கிறது. மேலே தேதி போட்டிருக்கிறேன். ஜனவரி 26.

முதல் பக்கத்தில் யாரிடமும் காட்டாதீர்கள் என்று கெஞ்சினேன். அதை இப்போது மாற்றுகிறேன். அப்பாவிடம் காட்டுங்கள். இல்லை, நீங்கள் யாரோ ஒருவர், நீங்கள் எப்படிக் காட்டுவீர்கள்? நான்தான் காட்ட வேண்டும். மாமா வருவதற்கு முன்னால். அப்பா கூடத்தில்தான் படுத்திருக்கிறார், இன்னும் தூங்கவில்லை, இருமுகிறார். கதவைத் திறந்து பத்தடி நடந்து இந்த நோட்டை அவர் நெஞ்சின் மேல் வைத்தால் போதும். நாலரை மணி என்ன என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அம்மா போக வேண்டியதில்லை. எனக்கு ஹால் டிக்கெட் இருக்காது. பாளையங்கோட்டை இருக்காது. அவ்வளவுதான். பத்தடி.

எழுந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். வந்து மறுபடி உட்கார்ந்துவிட்டேன். இது நான்காவது தடவை.

ஒன்று செய்கிறேன். நானாகப் போக முடியவில்லை. அப்பா வந்து தட்டினால், அப்பாவே தட்டினால், ஒன்றும் யோசிக்காமல் கதவைத் திறந்து நோட்டை நீட்டிவிடுவேன். சத்தியம். அப்பா, ஒரு தடவை

தட்டுகிறார். உள்ளங்கை. கதவு முழுக்க அதிர்கிறது.

"ஹெப்சி, இன்னும் என்ன பண்ணுத?"

"ரெக்கார்டு எழுதுதேம்ப்பா."

சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இன்னும் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறார், நிழல் தெரிகிறது, மறுபடியும் தட்டு